பால்மரக் காட்டில் வேற்றூர் வெயில்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த மாதம் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், எங்கள் சுங்கை சிப்புட் பட்டணத்து மண்டபம் ஒன்றில் ரப்பர் தோட்டப்புற வாழ்க்கையைப் பற்றிய கண்காட்சி நடைபெற்றது. நடத்தியவர்களின் பெயர் இங்குத் தேவையில்லை. நல்ல எண்ணத்தோடு செய்தார்கள். இளைஞர்கள் பலர் வேலை முடிந்து வந்து இரவெல்லாம் உழைத்திருந்தார்கள் என்பதும் தெரிந்தது. அங்கு ஒரு சுவர் முழுவதும் கணினியில் உருவாக்கிய மூன்று பெரிய படங்கள் தொங்கின. ஒன்றில் பால் சேர்க்கும் கொட்டகையான ஸ்டோரில் ரப்பர்ப் பால் நிறுக்கும் காட்சி, மற்றொன்றில் வேலைக்கு முன் பேர் கூப்பிடும் பெரட்டுக் களம், மூன்றாவதில் பால்மர வரிசையான நிரைக்குள் பால் வெட்டும் ஒரு பெண். முப்பத்தொரு ஆண்டுகள் பால் வெட்டிய என் தாயாரை அழைத்துச் சென்றிருந்தேன். முதல் படத்தின் முன் அவர் நெடுநேரம் நின்றார். வாளியையும், அதைத் தோளில் சுமக்கும் காண்டாக் கம்பையும் தகரக் கூரையின் துருவையும் விரலால் காட்டி மெச்சியவர், பிறகு என் பக்கம் திரும்பி, “ஏம்மா, இது எந்த ஊரு வெயிலு?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விதான் இக்கடிதத்தை எழுத வைத்தது. வீட்டு மனை விளம்பரங்களுக்காகக் கணினியில் கட்டடங்களையும் தெருக்களையும் வரைந்து, அவற்றுக்கு வெயிலும் நிழலும் கொடுத்துப் படமாக்குவதே பதினான்கு ஆண்டுகளாக என் பிழைப்பு. இந்தக் கடைசிக் கட்டத்தை எங்கள் துறையில் ரெண்டரிங் என்போம். வீட்டையும் மரத்தையும் ஆளையும் முப்பரிமாணத்தில் கட்டி முடித்த பிறகும், ஒளி எங்கிருந்து வருகிறது, எதில் பட்டுத் தெறிக்கிறது, கடைசியில் கேமராவுக்கு எவ்வளவு வந்து சேர்கிறது என்று கணினி கணக்கிட்டால்தான் அது படமாகும். கண்காட்சிப் படங்களில் கட்டுமான வேலை குறை சொல்ல முடியாதபடி இருந்தது. ஒளிதான் நம்முடையதாக இல்லை.

முதல் படத்தையே எடுத்துக்கொள்கிறேன். அதன் கீழே ‘நண்பகல் 12 மணி, 1965’ என்று எழுதியிருந்தது. அதில் நிற்கும் பெண்ணின் உயரம் ஐந்தடி என்று வைத்துக்கொண்டால், அவர் நிழல் ஏறக்குறைய 14 அடி நீளத்துக்குத் தரையில் கிடக்கிறது. அவ்வளவு நீள நிழல் விழ வேண்டுமானால் சூரியன் அடிவானத்திலிருந்து 20 பாகை உயரத்தில்தான் இருக்க வேண்டும். ஜனவரி மாதக் கடைசியில் இலண்டனில் உச்சிவேளைச் சூரியனே ஏறக்குறைய 20 பாகை உயரத்தில்தான் நிற்கும். அந்த ஊருக்கு அந்த நிழல் பொருந்தும். சுங்கை சிப்புட் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 4.8 பாகையில் இருக்கிறது. இங்கே 1965ஆம் ஆண்டின் மார்ச் மாதத்தில் 12 மணிக்கு அந்தப் பெண் நின்றிருந்தால் நிழல் ஓரடிக்குச் சற்று மேல்தான் இருந்திருக்கும். மார்கழியில் நின்றிருந்தாலும் 3 அடியைத் தாண்டியிருக்காது. நிறுவைக்கு நின்றவர்கள் தங்கள் நிழலைத் தாங்களே மிதித்துக்கொண்டு நின்றார்கள் என்பதுதான் உண்மை நிலை.

1965 என்ற ஆண்டை நான் வேண்டுமென்றே சுட்டுகிறேன். சூரியனின் இடத்தைக் கணக்கிட்டுத் தரும் கருவிகள் ஊரின் அகலாங்கு, நெட்டாங்கு, தேதி, மணி ஆகியவற்றோடு, அவ்வூர்க் கடிகாரம் கிரீன்விச் நேரத்துக்கு எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பதையும் கேட்கும். இன்று நாம் 8 மணி நேரம் என்று கொடுக்கிறோம். ஆனால் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் 8 மணி நேரத்துக்கு மாறியது 1982 ஜனவரி முதல் நாளில்தான். அதற்கு முன் அது ஏழரை மணி நேரமாக இருந்தது. ஜப்பானியர் ஆட்சியிலோ இங்கே தோக்கியோ நேரமே நடப்பில் இருந்தது. அது 9 மணி நேரம். ஆகவே அறுபதுகளின் காட்சிக்கு இன்றைய கணக்கைக் கொடுப்பவர் சூரியனை அரை மணி நேரம் தவறாக நிறுத்துகிறார். இன்றைய கடிகாரப்படி எங்கள் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாகப் பிற்பகல் 1.15 மணியளவில், அன்றைய கடிகாரத்தில் 12.45 மணியளவில். அரை மணி நேரம் என்பது ஏழரைப் பாகை. காலையில் நிழலின் நீளத்தை அடியோடு மாற்றிவிட அது போதும்.

சூரியன் எந்தத் திசையில் நிற்கிறது என்பதிலும் நம் இளைஞர்கள் வெளியூர்ப் பாடங்களை அப்படியே நம்பிவிடுகிறார்கள். ஐரோப்பாவில் எழுதப்பட்ட பயிற்சிகள் நண்பகல் சூரியன் தெற்கில்தான் நிற்கும், நிழல் வடக்கில்தான் விழும் என்ற எண்ணத்தில் எழுதப்பட்டவை. இங்கே அப்படியில்லை. பங்குனி பிற்பாதியில், அதாவது ஏப்ரல் 2 வாக்கில், சூரியன் எங்கள் தலைக்கு நேர் மேலே வருகிறது. அதன் பிறகு ஆவணி கடைசி வரை, செப்டம்பர் 10 வாக்கில் மறுபடியும் தலைக்கு மேல் வரும் வரை, நண்பகலில் வடக்கே நின்றுதான் அடிக்கிறது. ஆனி மாதத்தில் வடக்குப் பார்த்த லயத்து வீட்டுத் திண்ணையில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டுத் திண்ணையில், வெயில் ஏறும். மார்கழியில் எதிர்வரிசைக்காரர்களின் முறை. கருவாடு காயப்போட்ட பாட்டிமாருக்கு இது நன்றாகவே தெரிந்திருந்தது. சென்னையில் சூரியன் தலைக்கு மேல் வருவது ஏப்ரல் 24 வாக்கில்தான் என்பதால், தமிழ்நாட்டுக் காட்சிக்காகச் செய்த ஒளியமைப்பைக்கூட இங்கே அப்படியே எடுத்துப் போட முடியாது.

இத்தகைய பிழை நேர்வதற்குக் காரணம் சோம்பல் என்று நான் நினைக்கவில்லை. வசதியாகக் கிடைக்கும் ஒரு கருவிதான் காரணம். திறந்த வெளியில் நின்று, சுற்றிலும் உள்ள வானத்தையும் தரையையும் வெவ்வேறு வெளிச்ச அளவுகளில் படமெடுத்து, அவற்றை ஒன்றாக இணைத்து ஒரு கோளம்போல் ஆக்கினால், அந்தக் கோளத்தையே விளக்காகப் பயன்படுத்திக் கணினிக் காட்சிக்கு ஒளி கொடுக்கலாம். பால் டெபெவெக் என்னும் ஆய்வாளர் 1998ஆம் ஆண்டில் இம்முறையை விளக்கிக் காட்டியதிலிருந்து, திரைப்படம் முதல் வீட்டு விளம்பரம் வரை எல்லாரும் இதைப் பயன்படுத்துகிறோம். எச்.டி.ஆர்.ஐ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்த வானப் படங்கள் இணையத்தில் இலவசமாகவே ஏராளமாகக் கிடைக்கின்றன. அவற்றைப் படமெடுத்துக் கொடுத்தவர்கள் செய்தது பெரும் உபகாரம். நானும் அவற்றைத்தான் உண்டு வளர்ந்தேன். ஆனால் அந்தக் கோளத்துக்குள் சூரியனும் சேர்ந்தே பதிந்திருக்கிறது. படமெடுத்த ஊரின் சூரிய உயரமும், அவ்வூர்க் காற்றின் வறட்சியும், அந்த வானத்தின் கடும் நீலமும் அதற்குள் இருக்கின்றன. திருப்பினால் திசை மாறும், உயரம் மாறாது. சுங்கை சிப்புட் ஸ்டோரின் முன்னால் வேற்றூர் அந்தி வந்து நிற்பது இப்படித்தான்.

இதற்கு மாற்று வழி கையில்தான் இருக்கிறது. 2002ஆம் ஆண்டு முதல் திறந்த மூல மென்பொருளாக எவரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய பிளெண்டரில், சூரியனின் இடத்தைக் கணக்கிடும் இணைப்பு ஒன்று உண்டு. ஊர், தேதி, மணி, கடிகார வேறுபாடு ஆகியவற்றைக் கொடுத்துவிட்டால் சூரியன் தானாகவே போய் நிற்கும். அதே மென்பொருளில் காற்றில் ஒளி சிதறுவதைக் கணக்கிட்டு வானத்தை வரையும் வசதியும் இருக்கிறது. ஜப்பானிய ஆய்வாளர் நிஷிதாவும் அவருடைய குழுவினரும் 1993இல் வெளியிட்ட முறையை ஒட்டி அமைந்தது அது. நீல ஒளி சிவப்பைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு அதிகமாகச் சிதறுவதால்தான் வானம் நீலமாகிறது என்பது பள்ளிப் பாடம். நம் வானத்தைச் செய்யும்போது அதோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். இங்குக் காற்றில் ஈரம் அதிகம். நுண்ணிய நீர்த்துளியும் தூசியும் எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறடிப்பதால், நண்பகலில் நம் அடிவானம் நீலமாக இராமல் கஞ்சித் தண்ணீர்போல் வெளுத்திருக்கும். புகைமூட்டக் காலத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அஞ்சலட்டை நீலத்தில் வானம் போட்டிருக்கும் தோட்டப் படத்தை எங்கே பார்த்தாலும் எனக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது.

கணக்குக்கு அடங்காத ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். கருவி தரும் சூரிய உதயம் தட்டையான அடிவானத்துக்கு உரியது. எங்களுக்கோ கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர் நிற்கிறது. சூரியன் ஒரு பாகை ஏற நான்கு நிமிடம் ஆகும். தோட்டத்தில் நாம் நிற்கும் இடத்திலிருந்து மலை ஐந்து பாகை உயரம் தெரிந்தால், கணக்கில் உதித்த சூரியன் கண்ணுக்குத் தெரிய மேலும் இருபது நிமிடம் ஆகும். அதுவரை வானம் வெளுத்திருக்கும், தரையில் நிழலே இராது. அந்த இருபது நிமிடத்து நிழலற்ற வெளிச்சத்தைத்தான் என் தாயார், ‘வெள்ளென விடிஞ்ச நேரம்’ என்று சொல்வார். மலையையும் காட்சியில் கட்டி வைத்தால் கணினி அதையும் தானே பார்த்துக்கொள்ளும். பெரும்பாலோர் மலையை வெறும் பின்னணிப் படமாக ஒட்டிவிடுகிறார்கள். ஒட்டிய படத்துக்குச் சூரியனை மறைக்கத் தெரியாது.

இனி மூன்றாவது படத்துக்கு வருகிறேன். நிரைக்குள் பால் வெட்டும் பெண்ணின் படம் அது. தரையில் கூர்மையான, கத்தியால் வெட்டியதுபோன்ற இலை நிழல்கள் விழுந்திருந்தன. உண்மையான பால்மரக் காட்டில் தரையைக் குனிந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே விழுவது இலை வடிவ நிழல் இல்லை. வட்ட வட்டமான வெயில் பொட்டுகள். என் தாயார் அவற்றை வெயில் காசு என்பார். சிறுமியாக இருந்தபோது பள்ளி விடுமுறையில் அவரோடு காட்டுக்குப் போய், பால் வடியும் கிண்ணங்களான மங்குகளைத் துடைத்துக் கவிழ்த்துக்கொண்டே அந்தக் காசுகளைக் காலால் மிதித்து எண்ணியிருக்கிறேன். இலைகளுக்கு இடையே உள்ள இடுக்கு முக்கோணமாக இருக்கும், கோணல்மாணலாக இருக்கும். அப்படியிருந்தும் தரையில் விழும் வெளிச்சம் வட்டமாக இருப்பது ஏன் என்று அப்போது விளங்கவில்லை. வானில் சூரியன் ஒரு புள்ளியாக இராமல் ஏறத்தாழ 0.53 பாகை அகலமுள்ள தட்டாக இருப்பதே காரணம். உயரத்தில் உள்ள ஒவ்வொரு சிறு இடுக்கும் ஊசித்துளைக் கேமராபோல் வேலை செய்து, அந்தத் தட்டின் பிம்பத்தைத் தரையில் விழச் செய்கிறது. 20 மீட்டர் உயரத்தில் இடுக்கு இருந்தால் தரையில் விழும் காசின் அகலம் 18 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம்; ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. வெயில் சாயச் சாயக் காசு நீள்வட்டமாகும். 2019 டிசம்பர் 26ஆம் நாள் சூரிய கிரகணத்தின்போது, எங்கள் பக்கம் அது பகுதிக் கிரகணமாகவே தெரிந்தது. அன்று எங்கள் வீட்டு மாமரத்தடியில் விழுந்த காசுகள் எல்லாம் ஒரே பக்கம் கடிக்கப்பட்டுப் பிறைபிறையாகக் கிடந்ததை என் தாயாரும் நானும் பார்த்தோம். இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

கணினியில் இதைச் செய்யத் தனி வித்தை எதுவும் தேவையில்லை என்பதுதான் என் ஆதங்கம். சூரிய விளக்கின் கோண அகலம் என்று ஒரு பெட்டி இருக்கும். அதில் 0.53 என்று போட வேண்டும்; சுழி என்று போட்டால் நிழல் கத்தியாகிவிடும். அதோடு, இலையை உண்மையாகவே தலைக்கு மேல் உயரத்தில், உண்மையான அடர்த்தியில் கட்டியிருக்க வேண்டும். கண்காட்சிப் படத்தில் கேமராவுக்குத் தெரியாத மேல் பகுதியில் இலையே இல்லை என்று ஊகிக்கிறேன். தரையில் விழுந்த நிழல் வேறோர் இலைப் படத்தை விளக்கின் முன் வைத்துச் செய்ததுபோல் இருந்தது. கேமரா பார்க்காவிட்டாலும் வெயில் பார்க்கிறது. கண்ணுக்குப் படாத மரத்தையும் கட்டித்தான் ஆக வேண்டும்.

இலையைப் பற்றியும் இரண்டு வார்த்தை. பால்மரத்து இலை ஒரு காம்பில் மூன்றாக இருக்கும். மேலிருந்து பார்த்தால் கரும்பச்சை; கீழே நின்று வெயிலுக்கு எதிராகப் பார்த்தால் மஞ்சள் கலந்த இளம்பச்சை, நரம்பெல்லாம் தெரியும்படி ஒளிரும். காரணம், இலை ஒளியில் ஒரு பங்கை உள்ளே விட்டு மறுபக்கமாக வெளியனுப்புகிறது. மென்பொருளில் இந்த ஊடுருவலைக் கொடுக்காதவர்களின் காடு எப்போதும் பச்சை வண்ணம் அடித்த தகரக் காடாகவே இருக்கும். ஆண்டின் தொடக்க மாதங்களில் மரம் இலையுதிர்க்கும். பச்சை சிவந்து, பிறகு உதிர்ந்து, துளிர்க்கும்போது செம்பு நிறத்தில் துளிர்க்கும். அந்த வாரங்களில் காட்டுக்குள் விழும் வெயிலின் அளவே வேறு. ஆகவே மாதம் தெரியாமல் பால்மரக் காட்டுக்கு ஒளியமைக்கவே முடியாது என்று நான் சொல்வேன்.

மற்றொன்று மண். எங்கள் தோட்டத்துப் பாதை செம்மண் பாதை. உச்சி வெயில் அதில் பட்டுத் தெறிக்கும்போது ஒளியும் சிவந்துதான் எழும்பும். சுண்ணாம்பு அடித்த லயத்துச் சுவரின் கீழ்ப் பகுதி, முழங்கால் உயரம் வரை இலேசாகச் சிவப்பேறித் தெரியும். தாழ்வாரத் தகரத்தின் அடிப்புறமும் அப்படியே. மண் ஒட்டியதால் மட்டும் வந்த நிறமன்று அது. நிழல் வந்ததும் பாதி மறைந்துவிடும். ஒளி ஒரு பொருளில் பட்டு அதன் நிறத்தை எடுத்துக்கொண்டு அடுத்த பொருளுக்குப் போகும் இந்தப் பயணத்தை ஜேம்ஸ் கஜியா 1986ஆம் ஆண்டில் ஒரே சமன்பாட்டில் எழுதிக் காட்டினார். இன்று நாம் பயன்படுத்தும் ரெண்டரிங் மென்பொருள்கள் பெரும்பாலும் அதைத்தான் தோராயமாகத் தீர்க்கின்றன. கேமராவிலிருந்து ஆயிரக்கணக்கான கதிர்களை எறிந்து, அவை எதில் பட்டு எங்கே போகின்றன என்று சராசரி எடுப்பதால், கதிர் குறைவாக இருந்தால் படத்தில் உப்புத் தூவியதுபோல் புள்ளிகள் தெரியும். புள்ளிகள் பாதியாகக் குறைய வேண்டுமானால் கதிர்கள் நான்கு மடங்காக வேண்டும். கண்காட்சிக் குழுவினர் நேரமில்லாமல் தெறிப்புகளின் எண்ணிக்கையைக் குறைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்; அவர்களுடைய லயத்துச் சுவர் மேலிருந்து கீழ் வரை ஒரே சாம்பல். பணமும் நேரமும் சம்பந்தப்பட்ட இக்குறையை நான் பெரிதாகச் சொல்ல மாட்டேன். என்னுடைய கணினியும் ஏழாண்டுப் பழையதுதான். இரவு முழுவதும் ஓட்டினால் விடியற்காலையில் ஒரு படம் கொடுக்கும்.

அந்த லயத்துச் சுவருக்குப் பக்கத்தில் திறந்திருந்த கதவு வழியாக உள்ளே சாமிப் படமும் அதன் மாலையும் தெளிவாகத் தெரிந்தன. நண்பகல் வெயில், வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் கணக்கில் ஒரு லட்சம் வரை போகும். சன்னல் சிறுத்த லயத்து வீட்டுக்குள் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு இருந்தாலே அதிகம். வெளியே நின்று பார்ப்பவருக்கு வாசல் ஒரு கறுப்புச் சதுரம்தான். உள்ளே விளக்கேற்றியிருந்தால் சுடர் மட்டும் தெரியும்.

பெரட்டுக் களத்தின் படத்தைத்தான் பார்வையாளர்கள் அதிகம் புகழ்ந்தார்கள். பொன்னிற வெயில், நீண்ட நிழல், மரங்களுக்கு இடையே கற்றை கற்றையாக இறங்கும் ஒளி என்று அது மிக அழகாகவே இருந்தது. என் தாயார் அந்தப் படத்தைச் சிரித்துக்கொண்டே கடந்துவிட்டார். பெரட்டு இருட்டில்தான் நடக்கும். மரத்துக்குள் நீரழுத்தம் விடியும் முன்தான் மிகுந்திருக்கும், அப்போது வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும் என்பதால், வெயில் ஏறுவதற்குள் வெட்டி முடிக்கும்படியே வேலை நேரம் அமைந்திருந்தது. பேர் கூப்பிடும் தோட்டத்து எழுத்தரான கிராணியின் மேசையில் ஒரு விளக்கு, வெட்டுக்குப் போகிறவர்களின் நெற்றியில் ஒவ்வொரு விளக்கு. அதற்கு அப்பால் ஒன்றுமில்லை. தூரம் இரட்டிப்பானால் வெளிச்சம் கால் பங்காகும். நெற்றி விளக்கு அடுத்த மரத்தைக் காட்டும், அதற்கடுத்ததைச் சாடையாகக் காட்டும், நான்காவது மரம் இருட்டோடு போய்விடும். பனி இறங்கியிருந்தால் விளக்கைச் சுற்றி ஒரு வெண்புகை உருண்டை நிற்கும். ஆக, பால்வெட்டுக்காரர் ஒருவரின் வேலைநாளில் பாதியை உண்மையாகப் படமாக்கினால் அது பெரும்பாலும் கறுப்பாகவே இருக்கும். அப்படியொரு படத்தைக் கண்காட்சியில் வைக்க அமைப்பாளர்களுக்குத் துணிச்சல் வேண்டும். பார்க்கிறவர்கள் ‘பிரிண்டு சரியில்லை’ என்று சொல்லிவிடுவார்கள் என்ற அச்சம் எனக்கும் புரிகிறது. ஆயினும் அந்தக் கறுப்புதான் அவர்களுடைய காலை.

வெட்டும் பெண்ணின் படத்தில் இன்னொரு வேடிக்கை நடந்திருந்தது. பட்டையில் வெட்டுக்கோடு வலது மேலிருந்து இடது கீழாக இறங்கியது. “எல்லா மரத்தையும் இடக்கைக்காரன் வெட்டினானா?” என்று என் தாயார் கேட்டார். நம் தோட்டங்களில் வெட்டு இடது மேலிருந்து வலது கீழாக, ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில் இறங்கும். பட்டைக்குள் இருக்கும் பால் குழாய்கள் நேர்ச்செங்குத்தாக இராமல் சற்று வலப்பக்கம் சாய்ந்து மேலேறுவதால், அவ்வாறு வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். படத்தைக் கட்டியவர்கள் இதை அறியாதவர்கள் என்று தோன்றவில்லை, ஏனெனில் சாய்வு சரியாகவே இருந்தது. சுவரில் மற்றப் படங்களோடு பொருந்துவதற்காக முடிந்த படத்தை இடவலமாகத் திருப்பிவிட்டார்கள் என்றே நினைக்கிறேன். திருப்பினால் வெட்டு மாறும், வெயில் வரும் பக்கமும் கிழக்கிலிருந்து மேற்காகிவிடும். விடியற்காலைக் காட்சி ஒரு நொடியில் மாலைக் காட்சியாகிவிட்டது.

மற்றவர்களைக் குறை சொல்லும் நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீடமைப்பு நிறுவனத்துக்காக, வடக்குப் பார்த்த வீட்டு வரிசை ஒன்றை வரைந்து கொடுத்தேன். வரவேற்பறையில் மாலை வெயில் வழிய வேண்டும் என்றார்கள். எச்.டி.ஆர்.ஐ. கோளத்தைத் திருப்பி வழியவிட்டேன். அந்தப் படத்தைப் பார்த்து வீடு வாங்கிய ஒருவர், குடியேறிய பிறகு என்னைத் தற்செயலாகச் சந்தித்தபோது, “அந்த வெயில் எங்கேம்மா?” என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. விளம்பரத்தில் அது ஒருவரின் ஏமாற்றத்தோடு போய்விடும். தோட்டத்தின் படம் அப்படியன்று. பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய் வீடுகள் வந்துவிட்ட நிலத்தில், லயத்தையே பார்த்திராத தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் அந்தச் சுவரின் முன் வரிசையாக நின்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். நிழல் 14 அடி என்று அவர்கள் மனத்தில் பதிந்துவிட்டால், அதைத் திருத்த அந்த நிழலை மிதித்தவர்கள் இன்னும் எத்தனை ஆண்டுகள் நம்மோடு இருப்பார்கள்?

ஆகவே தங்கள் நாளிதழின் வழியாக இரண்டு வேண்டுகோள்களை வைக்க விரும்புகிறேன். தோட்டக் காட்சிகளைக் கணினியில் உருவாக்க முன்வரும் சங்கங்களும் பள்ளிகளும், மாடல் கட்டத் தொடங்கும் முன்பே எந்தத் தோட்டம், எந்த மாதம், எத்தனை மணி, லயம் எந்தத் திசை பார்த்தது என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, அந்தத் தோட்டத்தில் வேலை செய்த ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒளியமைக்க வேண்டும். பழைய நிழற்படங்கள் வைத்திருக்கும் வாசகர்கள், படத்தின் பின்புறம் தேதி இருந்தால் அதைக் குறித்துக்கொள்வதோடு, வாசல் எந்தத் திசையில் இருந்தது என்பதையும் நினைவிருக்கும்போதே எழுதி வைக்க வேண்டும். திசையும் தேதியும் தெரிந்தால், அந்தப் படத்தில் விழுந்திருக்கும் நிழலை அளந்து எத்தனை மணிக்கு எடுத்தது என்றே கண்டுபிடித்துவிடலாம். அதை வைத்து, இடிந்துபோன ஒரு லயத்தை அதே மணி வெயிலில் மறுபடியும் நிறுத்த முடியும். இதில் உதவி தேவைப்படுவோருக்குக் கட்டணமின்றிச் செய்து கொடுக்க நானும் அணியமாக இருக்கிறேன். ஆசிரியர் குழு என் முகவரியைத் தரலாம்.

கண்காட்சி முடிந்த வாரம், அதே ஸ்டோர்க் காட்சியை என் கணினியில் கட்டி, 1965 மார்ச் மாதம், கடிகார வேறுபாடு ஏழரை, மணி 12 என்று கொடுத்து, செம்மண்ணையும் மலையையும் வைத்து, இரவு முழுவதும் ஓடவிட்டேன். காலையில் தேநீரோடு வந்த என் தாயார் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வெயிலைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஸ்டோர் ஓரத்துக் கால்வாயில் ஏன் தண்ணீர் ஓடவில்லை, வாளி கழுவுகிற நேரமாயிற்றே என்றுதான் கேட்டார்.

இப்படிக்கு,
தோட்டத்தில் பிறந்த ஒரு வாசகி,
சுங்கை சிப்புட், பேராக்.